உங்களுக்குத் தெரியுமா? – பாவாடை உடுத்திய பேஸ்பால்

★ இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய சில வாரங்களிலேயே ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மேஜைக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாடு போரில் இருக்கும்போது பேஸ்பால் விளையாடலாமா, கூடாதா? 1942 ஜனவரி 15 அன்று அவர் பதில் எழுதினார்: விளையாடுங்கள், உழைத்துக் களைத்த ஜனங்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டும். ஆனால் ராணுவத்துக்குப் போகும் வயதில் உள்ள வீரர்கள் போய்த்தான் ஆக வேண்டும் என்றும் அதே கடிதத்தில் இருந்தது. கல்யாணம் நடக்கட்டும், மாப்பிள்ளையை மட்டும் அனுப்பி வையுங்கள் என்பது போல! போர் முடிவதற்குள் முதல்நிலை லீக் வீரர்களில் மட்டும் 500 பேருக்கு மேல் சீருடை மாட்டிக்கொண்டார்கள். சிறிய லீக்குகள் ஒவ்வொன்றாகக் கடையைச் சாத்தின.

★ பெண்களுக்குத் தொழில்முறை பேஸ்பால் லீக் தொடங்கியவர் ஒரு சூயிங்கம் முதலாளி. ரிக்லி சூயிங்கம் குடும்பத்து பிலிப் ரிக்லிதான் சிகாகோ கப்ஸ் அணிக்கும் அதன் மைதானத்துக்கும் சொந்தக்காரர். ஆண்கள் எல்லாம் போர்முனைக்குப் போய்விட்டால் மைதானம் காலியாகக் கிடக்குமே என்ற கவலை அவருக்கு. 1943இல் நான்கு அணிகளோடு ஆரம்பித்தார். ராக்ஃபோர்டு பீச்சஸ், ரசீன் பெல்ஸ், கெனோஷா காமெட்ஸ், சவுத் பெண்ட் ப்ளூ சாக்ஸ். எல்லாமே சிகாகோவிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய ஊர்கள். போருக்குப் பொருள் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர்கள். பெட்ரோலும் டயரும் ரேஷனில் இருந்த காலம் அது. ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளி தூரதேசம் போக முடியாது, உள்ளூரிலேயே ஆட்டம் வேண்டும். சூயிங்கம் விற்றவருக்கு எங்கே கடை போடுவது என்று சொல்லித்தரவா வேண்டும்!

★ சிகாகோவில் நடந்த இறுதித் தேர்வுக்கு வந்தவர்கள் 280 பேர். தேறியவர்கள் 60 பேர். சம்பளம் வாரத்துக்கு 45 முதல் 85 டாலர் வரை. அப்பா வாங்குவதைவிட அதிகமாக மகள் வாங்கிய வீடுகள் உண்டு. முதல் ஆட்டங்கள் 1943 மே 30 அன்று. அந்த ஆண்டே 108 ஆட்டங்கள். தினம் ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்டம்.

★ தேர்வானவர்களை உடனே மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பகலெல்லாம் பந்து பிடித்துக் களைத்த பெண்களுக்கு மாலையில் இன்னொரு பள்ளி இருந்தது. நடப்பது எப்படி, உட்காருவது எப்படி, நாற்காலியிலிருந்து எழுவது எப்படி என்று பாடம். சொல்லித்தந்தது அந்தக் காலத்தில் அழகுசாதன உலகின் ராணியாக இருந்த ஹெலனா ரூபின்ஸ்டைனின் நிறுவனம். கையில் ஒரு சிறு கையேடும் கொடுத்தார்கள். அழகுப் பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அதில் பட்டியல் உண்டு: முகம் துடைக்கும் க்ரீம், லிப்ஸ்டிக், கன்னத்துக்கு ரூஜ், பவுடர், கைக்குப் பூசும் லோஷன், ரோமம் நீக்கும் பூச்சு. கையுறையும் மட்டையும் அந்தப் பட்டியலில் இல்லை.

விதிகள் இன்னும் கடுமை. தலைமுடியைக் குட்டையாக வெட்டக் கூடாது. மைதானத்துக்கு வெளியே பேன்ட் போடக் கூடாது. பொது இடத்தில் புகையும் மதுவும் கூடவே கூடாது. லிப்ஸ்டிக் எப்போதும் இருக்க வேண்டும். மீறினால் முதல் முறை 5 டாலர், இரண்டாம் முறை 10 டாலர், மூன்றாம் முறை ஆட்டத்திலிருந்தே நீக்கம்.

★ ஒவ்வோர் அணிக்கும் ஒரு ‘வார்டன்’ அம்மா உண்டு. யாரோடு சாப்பிடப் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கேட்பவர் அவர்தான். அடிபட்டால் மருந்து போடுபவரும் அவரே. ஊரில் அறை பிடித்துத் தருவதும், வீட்டு நினைப்பில் அழும் பெண்ணைத் தேற்றுவதும் அவர் தலையில்தான். 15, 16 வயதுப் பிள்ளையை முன்பின் தெரியாதவர்களோடு பஸ் ஏற்றி அனுப்பப் பெற்றோர் சம்மதித்தார்கள் என்றால், பாதிக் காரணம் இந்த அம்மாக்கள்.

★ இப்போது உடைக்கு வருவோம். பேஸ்பாலை டிவியில் பார்த்திருப்பீர்கள். முழுநீள பேன்ட் போட்டுத்தான் ஆடுவார்கள். காரணம் இருக்கிறது. ஓடிவரும் ஆள் பந்து வருவதற்குள் ‘பேஸ்’ என்ற குறியிடத்தைத் தொட்டாக வேண்டும். அதற்காகக் காலை நீட்டிப் பக்கவாட்டில் மண்ணில் விழுந்து சறுக்கிக்கொண்டே போவார். கிரிக்கெட்டில் ரன் அவுட்டுக்குத் தப்ப மட்டையை நீட்டி டைவ் அடிக்கிறோமே, அதேதான். ஆனால் இங்கே கீழே இருப்பது புல் இல்லை, வெறும் மண். ரிக்லியின் லீக்கில் பெண்களுக்குக் கொடுத்த சீருடை முழங்காலுக்கு மேலே நிற்கும் குட்டைப் பாவாடை. உள்ளே ஒரு சாட்டின் டிரவுசர், காலில் முழங்கால்வரை சாக்ஸ். சாக்ஸ் முடியும் இடத்துக்கும் டிரவுசர் தொடங்கும் இடத்துக்கும் நடுவே வெறும் தொடை.

அந்தத் தொடையால்தான் சறுக்கினார்கள். தோல் உரிந்து, ரத்தம் கசிந்து, உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்துபோகும். ‘ஸ்ட்ராபெர்ரி’ என்று அதற்குச் செல்லப் பெயர். பழைய காயம் ஆறுவதற்குள் மறுநாள் ஆட்டம் வந்துவிடும், அதே இடத்தில் மறுபடி சறுக்கல். இந்த உடையை வடிவமைத்தவர்களில் ரிக்லியின் மனைவியும், சூயிங்கம் விளம்பரம் வரைந்த ஓவியர் ஓடிஸ் ஷெப்பர்டும், ஆன் ஹார்னெட் என்ற வீராங்கனையும் இருந்தார்கள். மூன்று பேரில் மண்ணில் சறுக்க வேண்டியிருந்தது ஒருவருக்கு மட்டும்தான்.

★ ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு அணிகளும் ‘வி’ எழுத்து வடிவில் வரிசையாக நிற்பார்கள். ‘விக்டரி’க்கு வி. வெற்றி போருக்குத்தான், ஆட்டத்துக்கு இல்லை.

★ இந்த லீக்கில் பந்து ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே போனது! 1943இல் ஆடியது உண்மையில் பேஸ்பால்கூட இல்லை, சாஃப்ட்பாலும் பேஸ்பாலும் கலந்த ஒரு கலவை சாதம். பந்தின் சுற்றளவு 12 அங்குலம். கையைக் கீழாகச் சுழற்றித்தான் எறிய வேண்டும். பிட்சர், அதாவது பந்து எறிபவர், மட்டைக்காரரிடமிருந்து நின்ற தூரம் 40 அடி. ஆண்டுகள் போகப்போகப் பந்து சிறுத்தது, தூரம் நீண்டது. 1946இல் கையைப் பக்கவாட்டில் வீசி எறியலாம் என்றார்கள். 1948இல் தோளுக்கு மேலிருந்தே எறியலாம் என்றாயிற்று. 1954இல் பந்து ஆண்கள் ஆடும் அளவுக்கே வந்துவிட்டது, பிட்சர் தூரம் 60 அடி. ஆண்களுக்கு 60 அடி 6 அங்குலம். பேஸுக்கும் பேஸுக்கும் இடைவெளி 65 அடியில் ஆரம்பித்து 85 ஆனது, ஆண்களுக்கு 90.

ஆக, 12 ஆண்டுகளில் பந்து மாறியது, தூரம் மாறியது, எறியும் முறை மாறியது. பாவாடை மட்டும் மாறவில்லை.

★ விதி மாறும்போது ஆட்களும் மாற வேண்டியிருந்தது. கானி விஸ்நியூஸ்கி கீழ்க்கை வீச்சில் சிங்கம். 1945இல் 32 ஆட்டங்களில் வென்றார், தோற்றது 11 மட்டும். அந்த ஆண்டின் சிறந்த வீராங்கனை. மேல்கை வீச்சு வந்ததும் பிட்சர் வேலையை விட்டுவிட்டு மட்டையைப் பிடித்துக்கொண்டு வெளிக்களத்துக்குப் போனார். அங்கேயும் நன்றாகவே ஆடினார். நம் ஊர் தபேலாக்காரர் ஒரே ஆண்டில் வயலினுக்கு மாறி மேடையேறியது போல!

★ ஹார்லிக்ஸ் குடித்து வளர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் ரசீன் என்ற ஊரோடு உங்களுக்கு ஒரு பந்தம் உண்டு. ஹார்லிக் சகோதரர்கள் அந்த மால்ட் பவுடரைத் தயாரித்தது விஸ்கான்சின் மாநிலத்து ரசீனில்தான். ரசீன் பெல்ஸ் அணி ஆடிய மைதானத்தின் பெயரும் ஹார்லிக் ஃபீல்டு.

1946 செப்டம்பரில் அந்த மைதானத்தில் நடந்த ஒரு ஆட்டத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டம், ரசீனுக்கும் ராக்ஃபோர்டுக்கும். ராக்ஃபோர்டு பிட்சர் காரலின் மாரிஸ் ஒன்பது இன்னிங்ஸ் முழுக்க எதிரணிக்கு ஒரு ‘ஹிட்’கூட, அதாவது அடித்துவிட்டு பேஸைப் பிடிக்கும் ஒரு வாய்ப்புகூடத் தரவில்லை. சாதாரண நாளாக இருந்தால் அதோடு ஆட்டம் முடிந்து, அவரைத் தோளில் தூக்கியிருப்பார்கள். ஆனால் ரசீனின் ஜோன் வின்டரும் ஒரு ரன் தரவில்லையே! அவர் ஒரு டஜனுக்கு மேல் ஹிட் கொடுத்தார், பேஸ்களில் ஆட்கள் நின்றுகொண்டே இருந்தார்கள், ஆனால் யாரையும் ‘வீடு’ என்ற கடைசி பேஸுக்கு, அதாவது ரன்னுக்கு, வந்து சேரவிடவில்லை. 0–0. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று இன்னிங்ஸ் இழுத்துக்கொண்டே போனது.

பதினான்காவது இன்னிங்ஸில் ரசீனின் சோஃபி கூரிஸ் ஒரு ஹிட் அடித்து முதல் பேஸுக்கு வந்தார். சோஃபியைப் பற்றி ஒரு கணக்கு தெரிந்தால்தான் அடுத்த நொடியின் பதற்றம் புரியும். பிட்சர் பந்தை எறியும் கணத்தில் ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பதற்கு ‘பேஸ் திருடுவது’ என்று பெயர். அந்த ஆண்டு அவர் 203 முறை திருட முயன்றார். 201 முறை மாட்டவில்லை. அப்படிப்பட்ட ஆள் முதல் பேஸில் நின்றால் பிட்சருக்கு எப்படிக் கை வரும்? அன்றும் இரண்டாவது பேஸைத் திருடினார். மூன்றாவதுக்கு அவர் கிளம்பும் நேரத்தில் சக வீராங்கனை பெட்டி ட்ரெஸா பந்தை வலப்பக்கம் தட்டிவிட்டார். சோஃபி நிற்கவே இல்லை. மூன்றாவது பேஸைச் சுற்றி வளைந்து, வீட்டுக்குச் சறுக்கி விழுந்தார். 1–0. கோப்பை ரசீனுக்கு. 14 இன்னிங்ஸும் எறிந்தவர் ஜோன் வின்டர் ஒருவரே.

சோஃபி தன் வாழ்நாளில் திருடிய பேஸ்கள் 1,114. தொடை என்ன பாடு பட்டிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

★ மில்வாக்கி நகரில் ரிக்லி ஒரு யோசனை செய்து பார்த்தார். ஆட்டத்துக்கு முன் சிம்ஃபனி இசைக் கச்சேரி! கச்சேரி கேட்க வருகிறவர் பேஸ்பாலும் பார்ப்பார் என்பது கணக்கு. 1944இல் மில்வாக்கி அணி சாம்பியன் ஆனது. கூட்டம் மட்டும் வரவில்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆண்டே அணி வேறு ஊருக்குக் குடிபோனது.

★ அதே 1944இல் மினியாபொலிஸ் அணியின் நிலைமை இன்னும் மோசம். உள்ளூரில் ஆள் வராததால் சீசனின் நடுவிலேயே சொந்த மைதானத்தை விட்டுவிட்டு, மிச்ச ஆட்டங்களை எல்லாம் அடுத்தவர் ஊரிலேயே ஆடினார்கள். ‘அநாதைகள்’ என்று பெயரே வந்துவிட்டது. அந்த அநாதைகளில் ஒருவரான அனபெல் லீதான் லீக்கின் முதல் ‘பெர்ஃபெக்ட் கேம்’ எறிந்தவர். எதிரணியில் ஒருவர்கூட முதல் பேஸை மிதிக்கவில்லை. பிற்காலத்தில் பாஸ்டன் அணிக்கு ஆடிய பில் லீ, அனபெல்லின் சகோதரர் பிள்ளை. எறியும் கை குடும்பச் சொத்து போலும்.

★ டாட்டி ஷ்ரோடர் சேர்ந்தபோது வயது 15. இரட்டைப் பின்னலோடு வந்த அந்தக் கிராமத்துப் பெண், லீக்கின் 12 சீசனும் ஆடிய ஒரே ஆள்.

★ ராக்ஃபோர்டின் டாட்டி காமென்ஷெக் 3,736 முறை மட்டை பிடித்தார். ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமல் அவுட், ஆனது 81 முறை மட்டுமே. 1950இல் ஃபோர்ட் லாடர்டேல் ஆண்கள் அணி ஒன்று அவரைக் கூப்பிட்டது. வேடிக்கைப் பொருளாக்கப் பார்க்கிறார்கள் என்று புரிந்துகொண்டு மறுத்துவிட்டார். எனக்கு இந்த மறுப்பு ஆட்டத்தைவிடப் பிடிக்கும்.

★ 1947இல் மொத்த லீக்கும் பயிற்சிக்கு விமானம் ஏறி கியூபாவின் ஹவானாவுக்குப் போனது. அதே பருவத்தில் அதே ஊரில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியும் பயிற்சிக்கு வந்திருந்தது. பெண்களின் காட்சி ஆட்டங்களுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து ஹவானாவே அசந்துபோனது. சில கியூபப் பெண்கள் பின்னர் லீக்கில் சேர்ந்தார்கள். அவர்களில் இசபெல் ஆல்வரெஸ், இங்கிலீஷ் தெரியாமல் டீன் ஏஜில் வந்து இறங்கி, கடைசியில் அமெரிக்காவின் ஃபோர்ட் வேன் நகரிலேயே குடியேறிவிட்டார்.

★ கனடாப் பெண்கள் அறுபது பேருக்கு மேல் இந்த ‘அமெரிக்க’ லீக்கில் ஆடினார்கள். அதில் மேரி பேக்கர் 1950இல் கலமசூ அணிக்கு மேனேஜராகவும் ஆனார். அணி ஒன்றும் அவரால் மூழ்கிவிடவில்லை. ஆனாலும் இனிமேல் பெண் மேனேஜர் கூடாது என்று லீக்கே முடிவெடுத்தது. பெண்கள் லீக்குதான், பெண்கள் ஆளலாம் என்று யார் சொன்னது?

★ 1952இல் சவுத் பெண்ட் அணியில் மேனேஜரோடு சண்டை முற்றி, சீசன் முடியும் தறுவாயில் ஆறு பேர் வெளியேறிவிட்டார்கள். மிஞ்சியது 12 பேர். பிட்சர் வெளிக்களத்தில் நின்றார், கிடைத்த ஆள் கிடைத்த இடத்தில் நின்றார். அந்த 12 பேரும் கோப்பையைத் தூக்கினார்கள். அதில் ஒருவர் ஜீன் ஃபாட். இந்த லீக்கில் இரண்டு பெர்ஃபெக்ட் கேம் எறிந்த ஒரே பிட்சர். சண்டைக்குக் காரணமான மேனேஜர் வேறு யாரும் இல்லை, அவருடைய கணவர். அன்று வீட்டில் என்ன சமையலோ!

★ இந்த லீக்கில் 600 பெண்களுக்கு மேல் ஆடினார்கள். ஒருவர்கூடக் கறுப்பினப் பெண் இல்லை.

1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் டாட்ஜர்ஸுக்கு ஆடி, ஆண்கள் லீக்கின் நிறச்சுவரை உடைத்தார். பெண்கள் லீக் அதற்குப் பிறகும் ஏழு ஆண்டுகள் நடந்தது. சுவர் அப்படியே இருந்தது. வர்ஜீனியாவில் நடந்த ஒரு தேர்வுக்கு மேமி ஜான்சன் என்ற இளம் பிட்சர் தோழியோடு போனார். பந்தைக் கையில் எடுக்கக்கூட விடவில்லை, பார்வையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மேமி 1953இல் இண்டியானாபொலிஸ் க்ளவுன்ஸ் என்ற கறுப்பின ஆண்கள் அணியில் சேர்ந்தார். ஆண்களுக்கு எதிராக, ஆண்கள் பந்தில், ஆண்கள் தூரத்தில் எறிந்தார். உயரம் 5 அடி 3 அங்குலம். வேர்க்கடலை அளவுகூட இல்லாத நீ என்னை அவுட் ஆக்குவாயா என்று ஒரு ஆட்டக்காரர் சீண்டினார். அவரையே ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அன்றிலிருந்து அவருக்கு ‘பீநட்’ என்று பெயர். கர்வ் பந்தை மெருகேற்றச் சொல்லிக்கொடுத்தவர், அந்தக் காலத்தின் மகா பிட்சர் சாச்செல் பெய்ஜ். பின்னாளில் மேமி நர்ஸாக வேலை பார்த்தார்.

தன்னை ஒதுக்கிய லீக்கைப் பற்றி அவர் முதிய வயதில் பேசியதில் கசப்பைவிட நிம்மதி அதிகம் தெரியும். அங்கே சேர்த்திருந்தால் பெண்களோடு மட்டும்தான் ஆடியிருப்பார். சேர்க்காததால் ஆண்களோடு ஆடினார். அந்த மனசு அவருடையது. திருப்பி அனுப்பியவர்களின் கணக்கில் அதை வரவு வைக்க முடியாது.

★ அதே 1953இல் அதே க்ளவுன்ஸ் அணியில் இரண்டாவது பேஸில் நின்றவர் டோனி ஸ்டோன். கூட்டம் சேர்க்க அவரைக் குட்டைப் பாவாடை உடுத்தி ஆடச் சொன்னார்கள். முடியாது என்றார். ஆண்கள் போட்ட அதே பேன்ட்டில்தான் ஆடினார்.

★ 1952 ஜூனில் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் ஆண்கள் அணி எலனர் எங்கில் என்ற ஸ்டெனோகிராஃபரை ஒப்பந்தம் செய்தது. இரண்டே நாளில் சிறிய லீக்குகளின் தலைவர் அதை ரத்து செய்து, இனி எந்தப் பெண்ணையும் ஒப்பந்தம் செய்யக் கூடாது என்று உத்தரவும் போட்டுவிட்டார். எலனர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

★ 1948இல் பத்து அணிகள், 9 லட்சத்துக்கு மேல் பார்வையாளர்கள். அதுதான் உச்சம். போர் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள், பெட்ரோல் ரேஷன் போனது, கார் வந்தது, வீட்டுக்குள்ளேயே டிவி வந்தது. 1954இல் ஐந்தே அணிகள் மிஞ்சின. ஃபோர்ட் வேன் அணியின் ஜோன் வீவர் அந்த ஆண்டு .429 சராசரி அடித்தார், ஆண்கள் லீக்கில் .400 தாண்டுவதே கனவு. அந்தச் சீசன் முடிந்ததும் லீக்கும் முடிந்தது.

★ அதன் பிறகு பெரும்பாலானவர்கள் வாயே திறக்கவில்லை. டீச்சர் ஆனார்கள், பிசியோதெரபிஸ்ட் ஆனார்கள், பிள்ளை வளர்த்தார்கள். ஹெலன் கேலகன் 1945இல் பேட்டிங் சராசரியில் லீக்கிலேயே முதலிடம். அவருடைய மகன் கேஸி கேண்டேல் பின்னாளில் ஆண்கள் முதல்நிலை லீக்கில் ஆடினார். அம்மாவும் மகனும் தொழில்முறை பேஸ்பால் ஆடிய குடும்பம் அது. இன்னொரு மகன் கெல்லி, அம்மா ஆடிய கதையை 1987இல் ஆவணப்படமாக எடுத்தார். அதைப் பார்த்த பென்னி மார்ஷல் 1992இல் ‘எ லீக் ஆஃப் தேர் ஓன்’ எடுத்தார். ஜீனா டேவிஸ், மடோனா, டாம் ஹாங்க்ஸ் நடித்த படம். பாதிப் பேர் இந்த லீக்கே நிஜம் என்று தெரிந்துகொண்டது தியேட்டரில்தான். அதில் ஒரு நொடி வரும்: எல்லைக்கு வெளியே நிற்கும் ஒரு கறுப்பினப் பெண், உருண்டு வந்த பந்தை எடுத்து ஜீனா டேவிஸின் தலைக்கு மேலே இன்னொருத்திக்கு விட்டெறிவார். வசனம் கிடையாது. மறுபடி பார்த்தால் அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள்.

★ கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம், பெண்களுக்கென்று ஒரு காட்சியைத் திறந்தது 1988 நவம்பரில். லீக் மூடி 34 ஆண்டுகள் கழித்து.

★ அந்த 1988க்கு இன்னொரு கதையும் உண்டு; கடைசிக்கு என்று எடுத்து வைத்திருந்தேன். சிகாகோவில் ரிக்லியின் மைதானத்துக்கு விளக்குக் கம்பம் போட 1941இல் இரும்பு வாங்கியாயிற்று. டிசம்பரில் போர் வந்ததும் அந்த இரும்பை அப்படியே போர்த் தளவாடத்துக்குக் கொடுத்துவிட்டார் ரிக்லி. அதனால் கப்ஸ் அணி பகல் வெயிலில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. 1943 ஜூலை 1 இரவில், தற்காலிகமாகக் கொண்டுவந்து நிறுத்திய விளக்குகளின் வெளிச்சத்தில், அந்த மைதானத்தின் முதல் இரவு ஆட்டம் நடந்தது. பெண்களை ராணுவத்தில் சேர்ப்பதற்கான பிரசார விழா அது. ஆடியவர்கள் பெண்கள் லீக்கின் நட்சத்திரங்கள், குட்டைப் பாவாடையில்.

கப்ஸ் ஆண்கள் அங்கே விளக்கைப் போட்டு ஆட இறங்கியது 1988 ஆகஸ்ட் 8 அன்றுதான். 45 ஆண்டுகள் கழித்து. நான்காவது இன்னிங்ஸ் முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டு ஆட்டம் ரத்தானது.